ஒரே முத்திரை போட்ட கரண்டி: ஜெர்சியா, குயெர்ன்சியா, வெறும் கதையா?

பழம்பொருள்பித்தன் கேட்டது, நவம்பர் 4

இங்கிலாந்தில் இருக்கும் தம்பி ஒரு பெரிய வெள்ளிக் கரண்டி வாங்கி அனுப்பியிருக்கிறான். காம்பின் பின்பக்கம் 'ஜி.எச்.' என்று ஒரே ஒரு முத்திரை. ஹால்மார்க்கில் வர வேண்டிய சிங்கம் (தரத்துக்கு) இல்லை, சிறுத்தைத் தலை (லண்டனுக்கு) இல்லை, வருட எழுத்தும் இல்லை. விற்றவர் "சேனல் தீவு வெள்ளி, 18ஆம் நூற்றாண்டு" என்று சொல்லி நல்ல விலை வாங்கிவிட்டார். ஹால்மார்க் இல்லாத வெள்ளி வெள்ளியே அல்ல என்பது என் கட்சி. தம்பி ஏமாந்துவிட்டானா?

நவம்பர் 4, இரவு

உங்கள் கட்சி லண்டன் வெள்ளிக்குச் சரி. சேனல் தீவுகளுக்குச் செல்லாது.

ஜெர்சி, குயெர்ன்சி எல்லாம் பிரான்சின் நார்மண்டிக் கரையை ஒட்டிக் கிடக்கின்றன. பிரிட்டிஷ் முடிக்குக் கீழே இருந்தாலும் ஐக்கிய இராச்சியத்தின் பகுதி அல்ல. சட்டம் தனி, நிர்வாகம் தனி. வெள்ளியைச் சோதித்து முத்திரை குத்தும் அலுவலகம் அங்கே இருக்கவில்லை. பட்டறைக்காரர் தன் பெயரின் முதலெழுத்துகளை ஓர் அச்சில் வெட்டி வைத்திருப்பார், அதைக் குத்துவார், வேலை முடிந்தது. அச்சை இரண்டு மூன்று தடவை குத்தி வைத்தவர்களும் உண்டு. அதனால் சிங்கம் இல்லாததைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். சிங்கம் இருந்தால்தான் அது தீவில் செய்ததா என்று யோசிக்க வேண்டும்.

முத்திரையை மட்டும் படம் எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். கரண்டியின் முழுப் பின்பக்கமும் வேண்டும். காம்பு நுனியில் ஏதாவது எழுத்து வெட்டியிருக்கிறதா?

நவம்பர் 5

ஜி.எச். பற்றி.

குயெர்ன்சியில் 18ஆம் நூற்றாண்டில் கியோம் ஆன்ரி என்று ஒரு வெள்ளி வேலைக்காரர் இருந்தார். பெயரைப் பார்த்தாலே பிரெஞ்சு வாடை அடிக்கும். ரோமன் எழுத்தில் எழுதினால் முதலெழுத்து ஜி.எச். தீவு வெள்ளி சேகரிக்கிறவர்கள் அதிகம் தேடும் பெயர்களில் அது ஒன்று. ஜெர்சிப் பக்கம் பியர் அமிரோ, கெனெல் குடும்பம் என்று வேறு வரிசை. கெனெல் செய்ததை வாங்குகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள், ஏனென்றால் 'கியூ' எழுத்தில் தொடங்கும் குடும்பப் பெயர் ஊரில் எத்தனை இருந்துவிடப் போகிறது!

ஜி.எச். அப்படி இல்லை. ஜார்ஜ், கில்பர்ட், ஹாரிஸ், ஹில் என்று இங்கிலாந்தின் எந்தச் சிற்றூரிலும் அந்த எழுத்துகளோடு ஒரு ஆசாரி இருந்திருக்கலாம். விற்கிறவருக்கும் கியோம் ஆன்ரி பெயர் தெரியும் என்பதுதான் இதில் தொல்லை. சிங்கம் இல்லாத ஜி.எச். எது கிடைத்தாலும் சீட்டில் 'குயெர்ன்சி' என்று எழுதிவிடுகிறார்கள், விலையும் கூடவே ஏறிவிடுகிறது.

நவம்பர் 5, சற்றுப் பிறகு

மேலே ஒரு நண்பர் "ஒற்றை முத்திரை என்றால் அது மெட்ராஸ் வெள்ளிதான், நம் ஊரிலிருந்து வெள்ளைக்காரன் கொண்டுபோனது" என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். பாதி சரி.

கும்பெனி காலத்து மெட்ராசிலும் கல்கத்தாவிலும் சோதனை அலுவலகம் கிடையாது. அங்கேயும் கடைக்காரர் தன் முத்திரையைத்தான் குத்தினார். கல்கத்தா ஹாமில்டன் கம்பெனி யானை படம் எல்லாம் சேர்த்துக் குத்தியது, லண்டன் முத்திரை வரிசையைப் போலத் தெரியட்டும் என்று. மெட்ராசில் ஜார்ஜ் கார்டன் கம்பெனி, பின்னால் பி. ஆர் அண்ட் சன்ஸ். ஆனால் அந்தச் சரக்கில் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டு. வடிவம் வேறு, எடை வேறு. ஒற்றை முத்திரை என்றால் சேனல் தீவாக இருக்கலாம், மெட்ராசாக இருக்கலாம், அமெரிக்கக் குடியேற்றமாக இருக்கலாம், ஸ்காட்லாந்துச் சிற்றூராகவும் இருக்கலாம். முத்திரை கேள்வியைத் தொடங்கி வைக்கும், அவ்வளவுதான். விடை பாத்திரத்தின் மற்ற இடங்களில் இருக்கிறது.

நவம்பர் 7

படம் வந்தது. இப்போது பேசலாம்.

முதலில் வடிவம். காம்பு நுனி மேல்நோக்கி வளைந்திருக்கிறது, முன்பக்கம் நடுவில் ஒரு சின்ன முகடு. கிண்ணத்தின் பின்பக்கம் எலிவால் போல ஒரு தண்டு இறங்குகிறது. இங்கிலாந்தில் இந்த நுனி 1710 வாக்கில் வந்து 1760கள் வரை நீடித்தது. எலிவால் 1730களில் மெல்ல மறைந்தது. தலைநகரத்தில் போன நாகரிகம் கடல் தாண்டிய ஊரில் இன்னும் கொஞ்ச காலம் ஓடியிருக்கும், ஆகவே பத்து இருபது வருடம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கியோம் ஆன்ரி காலத்துக்கு இது பொருந்துகிறது.

அடுத்து எழுத்து. நுனியின் பின்பக்கம், மேலே பி.எல்.எம்., கீழே ஈ.டி.ஜி. முன்பக்கம் இல்லாமல் ஏன் பின்பக்கம் என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் காலத்தில் கரண்டியைக் கவிழ்த்துத்தான் மேசையில் வைத்தார்கள், அதனால் பின்பக்கமே விருந்தாளி பார்க்கும் பக்கம். 1760களுக்குப் பிறகு நுனி கீழ்நோக்கி வளைந்தது, கரண்டியை நிமிர்த்தி வைத்தார்கள், எழுத்தும் முன்பக்கம் வந்துவிட்டது.

உங்கள் கரண்டியில் எனக்குப் பிடித்தது அந்த இரண்டு வரிதான். இங்கிலாந்துப் பழக்கம் முக்கோணம்: மேலே குடும்பப் பெயரின் ஓர் எழுத்து, கீழே கணவன் பெயரும் மனைவி பெயரும். மனைவி கணவனுடைய குடும்பப் பெயருக்குள் போய்விடுகிறாள். சேனல் தீவில் பெண் கல்யாணத்துக்குப் பிறகும் பத்திரங்களில் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் இருந்தாள். அதனால் அவளுக்குத் தனி வரி. ஜெர்சியில் பழைய கல் வீடுகளின் வாசல் மேல் இதே கணக்கைப் பார்க்கலாம்: கணவன் எழுத்து, ஒன்றோ இரண்டோ இதயம், மனைவி எழுத்து, வருடம். கல்லில் வெட்டியதை வெள்ளியிலும் வெட்டினார்கள். நம் வீட்டில் கல்யாணச் சீர் எவர்சில்வர் குடத்தில் பெயர் வெட்டி வாங்குவோமே, அதே ஆசைதான்.

மூன்று எழுத்து வருவதற்குக் காரணம் 'ல', 'த' என்ற முன்னொட்டுகள். எல்.எம். என்றால் ல மெசூரியே, ல மார்ஷான், ல மேஸ்த்ர். டி.ஜி. என்றால் த காரி, த க்ரூஷி. இவற்றில் ல மெசூரியே, ல மார்ஷான், த காரி குயெர்ன்சிப் பெயர்கள். ல மேஸ்த்ர், த க்ரூஷி ஜெர்சிப் பெயர்கள். எழுத்து இரண்டு தீவுக்கும் இடம் கொடுக்கிறது, முத்திரை குயெர்ன்சிப் பக்கம் சாய்கிறது. அது போதும், சந்தோஷப்படலாம்.

நவம்பர் 8

விபூதி போட்டுத் தேய்க்கலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். வேண்டாம். குத்துவிளக்கு அல்ல இது. எங்கள் அம்மா தேய்த்துத் தேய்த்துப் பாட்டியின் பெயரையே குங்குமச்சிமிழிலிருந்து அழித்துவிட்டார், சிமிழ் பளபளவென்று இருக்கிறது. கறுப்பை மென்மையான துணியால் துடைத்தால் போதும். எழுத்தின் பள்ளத்தில் தங்கியிருக்கும் கறுப்பு அப்படியே இருக்கட்டும். அது எவ்வளவு பழைய வெட்டு என்று சொல்ல அதுவும் ஒரு சாட்சி.

நவம்பர் 10

நேற்று இரவு படுக்கையில் யோசித்தேன், அந்த எழுத்துகளை நான் கொஞ்சம் அதிகமாகவே கொண்டாடிவிட்டேனோ என்று. முத்திரையைப் போலி செய்கிறவனுக்கு எழுத்து வெட்டத் தெரியாதா? ஒரு சாதாரணச் சிற்றூர்க் கரண்டியில் இரண்டு வரி முதலெழுத்து வெட்டினால் அது உடனே தீவுக் கரண்டி ஆகிவிடுமே.

ஆகவே பார்க்க வேண்டியது எழுத்தின் ஓரம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும், நகைக்கடைக்காரர் கண்ணில் செருகுவாரே அது. புதிய வெட்டில் உளி உலோகத்தை ஒதுக்கிய இடம் கூர்மையாக இருக்கும், விரல் நகத்தில் சிக்கும். இருநூறு வருடம் கை பட்டதில் ஓரம் மழுங்கியிருக்கும். அதைவிட முக்கியமானது, தேய்மானம் ஒத்துப்போக வேண்டும். கரண்டி நுனி வலது கைக்காரர் பயன்படுத்திப் பயன்படுத்தி ஒரு பக்கம் சாய்ந்து தேய்ந்திருக்க, முத்திரை பாதி அழிந்திருக்க, எழுத்து மட்டும் நேற்று வெட்டியது போல இருந்தால் விட்டுவிடுங்கள்.

இன்னொரு சோதனைக்குச் செலவே இல்லை. எழுத்து இருக்கும் இடத்தில் வாயால் ஆவி ஊதுங்கள். ஈரம் படர்ந்து மறைகிற அந்த ஒரு நொடியில், யாரோ பழைய எழுத்தைச் சுரண்டி எடுத்திருந்தால் அந்த இடம் தனியாகத் தெரியும். ஒட்டு வைத்திருந்தாலும் தெரியும், பற்றவைத்த கோடு முடி மாதிரி ஓடும். அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்கு வெளியே நின்று எத்தனை நேரம் பார்த்தாலும் இது கிடைக்காது. கையில் எடுத்தால்தான் உண்டு.

நவம்பர் 11

ஊதிப் பார்ப்பதைப் பற்றி எழுதியதும் ஒரு கோப்பை ஞாபகம் வந்தது.

தீவு வெள்ளியில் கரண்டிக்கு அடுத்து அதிகம் கிடைப்பது ஞானஸ்நானக் கோப்பை. ஏழெட்டு சென்டிமீட்டர் உயரம், கவிழ்த்த மணி மாதிரி உடல், விரிந்த அடிப்பாகம், இரண்டு பக்கமும் சுருள் கைப்பிடி. கைப்பிடி மேல் சின்னச் சின்ன முத்துகளாகக் குறைந்துகொண்டே வரும் ஒரு வரிசை. குழந்தைக்குக் கொடுத்தது, அப்புறம் பேரனுக்கு, அவன் பிள்ளைக்கு. ஒரே கோப்பையில் வேறு வேறு கையெழுத்தில் மூன்று தலைமுறை எழுத்து இருக்கும்.

தென் இங்கிலாந்தில் ஒரு சிற்றூர் ஏலக்கூடத்தில் அப்படி ஒன்று வந்தது. பார்வை நாளன்று எடுத்து ஊதினேன். ஒரு கைப்பிடியின் வேரைச் சுற்றி மங்கலான சாம்பல் வட்டம். ஈயப் பற்று. யாரோ எப்போதோ கைப்பிடி உடைந்து, வெள்ளிப் பற்று வைக்கச் சோம்பல்பட்டு, ஈயத்தை ஊற்றியிருக்கிறார்கள். ஈயம் வெள்ளியை உள்ளே அரிக்கும். மறுபடி சூடு காட்டினால் அந்த இடமே ஓட்டையாகிவிடும். நான் ஏலம் கேட்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுச் சந்தையில் அதே கோப்பை ஒரு கடையில் உட்கார்ந்திருந்தது, சக்கரத்தில் பிடித்துப் பளபளவென்று. சாம்பல் வட்டம் காணோம், மூன்றில் ஒரு தலைமுறை எழுத்தும் காணோம். சீட்டில் 'அருமையான நிலை' என்று போட்டிருந்தது. கைப்பிடி ஆடுகிறதா என்று கடைக்காரரிடம் கேட்டேன். நீங்கள் வாங்கப் போகிறீர்களா, இல்லையா என்று அவர் கேட்டார்.

நவம்பர் 13

"நான்கு மாடு மேய்க்கும் தீவில் இவ்வளவு வெள்ளி எங்கிருந்து வந்தது" என்று ஒருவர் கிண்டல் செய்திருக்கிறார். கேள்வி நல்லது.

ஜெர்சியின் அந்தக் காலத்துப் பணம் மீனிலும் ஊசியிலும் வந்தது. ஊசி என்றால் பின்னல் ஊசி. கம்பளிக் காலுறை பின்னி ஏற்றுமதி செய்தார்கள், ஆண் பெண் என்று ஊரே பின்னியது. மீன் என்றால் அட்லாண்டிக்குக்கு அப்பால், நியூஃபவுண்ட்லாந்திலும் கனடாவின் காஸ்பே கரையிலும் பிடித்துக் காயவைத்த காட் மீன். போர்க் காலத்தில் அரசு அனுமதிச் சீட்டோடு எதிரிக் கப்பலைக் கொள்ளையடிக்கும் தொழிலும் இருந்தது, அதைப் பற்றித் தீவுக்காரர்கள் இன்றும் வெட்கப்படுவதாகத் தெரியவில்லை. கையில் வருவது நாணயம். பிரெஞ்சு எக்யூ, ஸ்பானிய டாலர். வங்கி இல்லாத ஊரில் நாணயத்தை உருக்கிப் பாத்திரமாக வைத்துக்கொள்வது சேமிப்பும் ஆகும், கௌரவமும் ஆகும். திருடு போனாலும் எழுத்தைச் சொல்லிக் கேட்கலாம்.

பணமும் பிரெஞ்சுப் பணம்தான். ஜெர்சி 1834இல் தான் இங்கிலாந்துப் பவுண்டுக்கு மாறியது. குயெர்ன்சி 1921 வரை இழுத்தது. அதற்கு மேல், 1685இல் பிரான்சில் புராட்டஸ்டன்ட்களுக்கு இருந்த உரிமையை அரசன் ரத்து செய்ததும் அங்கிருந்து தப்பி ஓடி வந்தவர்களில் சிலர் இந்தத் தீவுகளில் இறங்கினார்கள். வடிவத்தில் பிரெஞ்சுச் சாயல் இருப்பதற்கு இதுவும் சேர்ந்துகொண்டது.

1820களில் நீராவிக் கப்பல் ஓட ஆரம்பித்ததும் லண்டன் சரக்கு எளிதாக வந்திறங்கியது. உள்ளூர்ப் பட்டறைகள் மெல்ல மெல்லக் கடைகளாயின. செய்கிறவர் விற்கிறவர் ஆனார். என் கணக்கில் சுவாரசியம் அதோடு முடிகிறது. அதற்குப் பிந்தியதை நான் கையில் எடுப்பதில்லை, இது என் பிடிவாதம், யாரும் பின்பற்ற வேண்டாம்.

நவம்பர் 14

தீவு வெள்ளி என்று பெயர் சொல்லி அந்த உருண்டை வயிற்றுப் பால் சொம்பைக் காட்டாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நார்மண்டிப் பால்காரர் தூக்கிய சொம்பின் வடிவம், மறுக்கவில்லை. ஆனால் கிடைப்பதில் முக்கால்வாசி 20ஆம் நூற்றாண்டுச் சுற்றுலாப் பயணிக்காகச் செய்த குட்டிச் சொம்பு. திருப்பிப் பாருங்கள், பர்மிங்ஹாம் சோதனை அலுவலகத்தின் நங்கூர முத்திரை இருக்கும்.

நவம்பர் 16

பழம்பொருள்பித்தன் நம் ஊர் நகைக்கடையில் காரட் மீட்டரில் வைத்துப் பார்த்தாராம். 91 சொச்சம் காட்டியதாம். ஸ்டெர்லிங் என்கிற இங்கிலாந்து வெள்ளித் தரம் 92.5 சதவீதம், ஆகவே போலி என்று மறுபடி பழைய கட்சிக்கே போய்விட்டார். ஐயா, கொஞ்சம் பொறுங்கள்.

92.5 லண்டன் சட்டம். தீவுக்காரர் உருக்கியது நாணயம் என்றால் 18ஆம் நூற்றாண்டு எக்யூ 91.7 சதவீதம், ஸ்பானிய டாலரும் 90, 91 வாக்கில்தான். ஆகவே உங்கள் 91 இந்தக் கதைக்கு விரோதம் இல்லை, அனுகூலம்தான். அந்தக் கருவி பார்ப்பதும் மேல்தோலை மட்டும். வருடக்கணக்கில் தேய்த்துச் சூடாக்கியதில் மேல்தோலின் கணக்கு உள்ளே இருப்பதிலிருந்து கொஞ்சம் மாறும். காம்பில் ஓர் இடம், கிண்ணத்தின் பின்பக்கம் ஓர் இடம் என்று வையுங்கள்.

கடைக்காரரிடம் இன்னொன்று கேட்டிருக்க வேண்டும். திரையில் தங்கம் எவ்வளவு, ஈயம் எவ்வளவு? பழைய வெள்ளியில் தங்கமும் ஈயமும் துளித்துளியாகத் தங்கியிருக்கும், அந்தக் காலச் சுத்திகரிப்பில் முழுதாகப் போகாது. மின்சாரத்தில் சுத்திகரித்த இன்றைய வெள்ளியில் அந்தத் துளிகள் அநேகமாக இருக்காது. வெள்ளியும் செம்பும் தவிர ஒன்றுமே இல்லாத 18ஆம் நூற்றாண்டுக் கரண்டி வந்தால் அன்றைக்குத்தான் நீங்கள் கோபப்பட வேண்டும்.

நவம்பர் 17

பழம்பொருள்பித்தனின் கரண்டிக்குக் கருவி இரண்டையும் காட்டியிருக்கிறது. தங்கம் 0.1 சதவீதம், ஈயம் 0.3. நல்லது. பழைய உலோகம்தான். பழைய உலோகத்தை உருக்கிப் புதுக் கரண்டி வார்க்கலாமே என்று யாரும் தொடங்க வேண்டாம். வார்த்திருந்தால் முத்திரையின் ஓரம் சோப்புக் கட்டி போல வழுவழுவென்று இருக்கும், இவர் படத்தில் குத்திய அழுத்தம் மறுபக்கம் லேசாகப் புடைத்திருப்பது வரை தெரிகிறது. சுத்தியால் அடித்த வேலை.

நவம்பர் 19

தம்பி இங்கிலாந்தில் இதைத் திரும்ப விற்கலாமா, 'வெள்ளி' என்று சொன்னால் சட்டச் சிக்கலா என்ற கேள்விக்கு. அங்கே 1973ஆம் வருட ஹால்மார்க்கிங் சட்டப்படி 7.78 கிராமுக்கு மேல் எடையுள்ள வெள்ளிப் பொருளை முத்திரை இல்லாமல் வெள்ளி என்று சொல்லி வியாபாரம் செய்யக்கூடாது. ஆனால் 1950க்கு முன்பு செய்த பொருளுக்கு விலக்கு இருக்கிறது, தரம் குறைந்தபட்ச அளவுக்கு மேல் இருக்க வேண்டும், வயதை விற்கிறவர் காட்ட வேண்டும். இந்தக் கரண்டிக்கு அது போதும். தீவு வெள்ளி வியாபாரம் முழுதும் அந்த விலக்கில்தான் ஓடுகிறது. கதை அளக்கிற வியாபாரிகளும் அதே விலக்கில்தான் ஓடுகிறார்கள்.

விற்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

நவம்பர் 22

பி.எல்.எம்., ஈ.டி.ஜி. யார் என்று கண்டுபிடிக்க முடியுமா என்று தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள். பொதுவிலேயே எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.

குயெர்ன்சியில் பத்து பாரிஷ் (தேவாலய வட்டாரம்), ஜெர்சியில் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் திருமணப் பதிவேடு, அன்றைக்குப் பிரெஞ்சில் எழுதியது. பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர் இருப்பதால் தேடல் பாதி சுலபம்: கணவன் எல்.எம்., மனைவி டி.ஜி. இரண்டும் ஒரே வரியில் வர வேண்டும். கரண்டி வடிவத்தை வைத்து 1720 முதல் 1770 வரை பாருங்கள். குயெர்ன்சியில் தொடங்குங்கள், அதிலும் அதன் தலைநகர் செயின்ட் பீட்டர் போர்ட், வெள்ளி வாங்கும் கை அங்கேதான் அதிகம் இருந்தது. பியர் என்ற பெயர் சலித்துப்போகும் அளவுக்கு வரும், மனைவி ஈ. எலிசபெத்தாகவும் எஸ்தராகவும் இருக்கலாம். ஒன்றுக்கு மேல் ஜோடி பொருந்தினால் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள், அவசரப்பட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். உள்ளூர் வரலாற்றுச் சங்கங்களான ஜெர்சியின் சொசைட்டே ஜெர்சியேஸ், குயெர்ன்சியின் லா சொசைட்டே குயெர்னேசியேஸ் இரண்டுக்கும் படத்தோடு எழுதலாம். எழுதும்போது கரண்டியின் விலையைக் கேட்காதீர்கள், எழுத்தை மட்டும் கேளுங்கள். படம் எடுக்கும்போது ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடியுங்கள், பிளாஷ் போட்டால் எழுத்து தெரியாது.